சத்வாவில் இரண்டு அண்ணாச்சிகள்

பெட்ரோல் வாடையும் மல்லித்தூள் வாசனையும் கலந்த புழுக்கத்தில் ‘பாம் பாம்’ என்று ஒரு கார் ஹாரன் அடித்தால், எழுபதுகளின் சத்வாவில் அதற்கு ‘கடைக்காரரே, வெளியே வாரும்’ என்று பொருள். இறங்கி வந்து சாமான் வாங்குவது கார் வைத்திருந்தவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். நடுரோட்டில் நிறுத்தி அமுக்குவார்கள், எங்கள் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் ஜன்னலுக்கு ஓடுவார். திசையன்விளையிலிருந்து கடல் தாண்டி வந்து, எண்ணெய்ப் பணம் கொழித்த அந்த அரபு ஊரில் மளிகைக்கடை போட்டு, தெருவுக்கே ஒற்றை ‘அண்ணாச்சி’யாக அவர் அரசாண்ட காலம் அது.

எதிர்வரிசையில் சாத்தான்குளத்துச் செல்லையா கடை திறந்ததும் அரசாட்சி பாதியாயிற்று. அவரையும் அண்ணாச்சி என்றார்கள். போதாததற்கு ஓர் ஐஸ்கிரீம் பெட்டியை வாசலிலேயே வைத்தார். வீட்டில் பொறாமையைப் பங்கு பிரித்துக்கொண்டோம்: பட்டம் போன பொறாமை அப்பாவுக்கு, கூட்டம் போன பொறாமை அம்மாவுக்கு, ஐஸ்கிரீம் முழுவதும் எனக்கு. நான்காம் வகுப்புக்காரியான நான் ஸ்கூல் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தப் பெட்டியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கண் மட்டும் திரும்பாது. “எதிராளி கடை ஐஸ் தின்னா தொண்டை கட்டிரும் பிள்ள” என்பது அம்மாவின் வைத்தியம்.

எங்கள் பெரிய வாடிக்கை மூலை வீட்டு அரபியின் வெள்ளை வண்டி. “அதுவும் அங்கன போச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் ஊருக்குக் கெளம்ப வேண்டியதுதான், நான் ஒத்தையில கெடக்கேன்” என்று அப்பா சொன்னதிலிருந்து, அந்த வண்டியைக் கண்டாலே அது எந்தக் கடைப் பக்கம் நிற்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

“அவம் பெட்டிக்குள்ளதான ஐஸ் வச்சிருக்கான்? நான் கடையவே ஐஸாக்குதேன்” என்று அப்பா பழைய ஏசி ஒன்றை வாங்கி மாட்டி, கண்ணாடிக் கதவையும் போட்டு மூடினார். அது லாரி மேடேறுவதுபோல் உறுமியது. எதிரே அட்டையால் விசிறிக்கொண்டிருந்த செல்லையாவைக் கண்ணாடி வழியே பார்க்கப் பார்க்க எங்களுக்கு இன்னும் குளிர்ந்தது. ஆள் வரத்துதான் ஏனோ குறைந்தது. வெயில் அதிகம் என்றார் அப்பா. ஒருநாள் சாயங்காலம் அம்மா வெளியே பார்த்து அப்பாவின் தோளைத் தட்டினாள்: நடுரோட்டில் வெள்ளை வண்டி, அதன் ஜன்னலில் செல்லையா. எங்களுக்காக அது அடித்த ஹாரன் ஏசியின் உறுமலில் கேட்கவே இல்லை.

மறுநாள் முதல் அப்பா நாற்காலியோடு வெளியே வந்துவிட்டார். உள்ளே அம்மாவும் நானும் வெங்காய மூட்டையும் குளிரில்; முதலாளி வெயிலில். வண்டிகள் மெல்லத் திரும்பி வந்தன, வெள்ளை வண்டி தவிர.

செல்லையா ரோட்டைத் தாண்டி வந்தார். “என்னவே, வெங்காயத்துக்கு ஏசி போட்டுட்டு நீரு இங்க வேகுதீரு?”

“வயித்தெரிச்சல்வே உமக்கு.”

“வயித்தெரிச்சல்தான். ஏசிக்கு இல்ல.” கண்ணாடிக்குள் எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த அம்மாவைக் காட்டினார். “ஊர்ல எம்பய நடக்க ஆரம்பிச்சிட்டானாம். போட்டோலதான் பாத்தேன்.”

சடை அம்மாவின் கையில் இருக்க, நான் கதவை அரையாகத் திறந்துவைத்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா திரும்பி எங்களைப் பார்த்தார். அப்போது பார்த்து வெள்ளை வண்டி எங்கள் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்பா பாதி எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

“நீரு போம்வே” என்று செல்லையாவுக்கு வண்டியைக் காட்டினார்.

என்னைப் பெற்றவர் என் தலையில் கல்லைப் போட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். ஆனால் ஊருக்கு யாரும் போகவில்லை. வெள்ளை வண்டி எதிர்க்கடைக்கே நிலைத்தது; அந்த வரும்படியில் அடுத்த வருஷம் செல்லையாவின் மனைவியும் மகனும் வந்து இறங்கினார்கள். அந்தப் பயலுக்கு ஐஸ்கிரீம் பெட்டியே சொந்தம் என்பதால் புதிதாக ஒரு பொறாமையை ஆரம்பித்தேன்.

இன்று அங்கே இரண்டு கடைகளும் இல்லை. கைபேசியைத் தட்டினால் வெங்காயம் வாசலுக்கு வருகிறது. எந்தக் கடையிலிருந்து, அந்தக் கடைக்காரரின் குடும்பம் அவரோடு இருக்கிறதா, எதுவும் தெரியாது. பொறாமைப்படுவதில் இவ்வளவு தேர்ச்சி பெற்றவளுக்கு, எதிரே ஒரு முகம்கூட இல்லை.