தண்ணீர் இல்லாத தீயணைப்பு வண்டி

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது சித்தப்பா எனக்கு ஒரு தீயணைப்பு வண்டியைக் கூரியரில் அனுப்பினார். முழு வண்டி இல்லை. நாமே ஒட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகள். பெட்டியின் மேல் அந்தக் காலத்துச் சிவப்பு வண்டியின் படம் இருந்தது. கூரையில்லாத முன்பக்கம், நீண்ட மூக்கு, இரண்டு பக்கமும் ஏணி, ஓட்டுநர் தலைக்கு அருகே ஒரு மணி. ஊர்த் திருவிழாவான மாரியம்மன் நோம்பிக்குச் சித்தப்பா வருவார். அதற்குள் அந்தப் படம் போலவே வண்டி தயாராகி நிற்க வேண்டும், அதைப் பார்த்து அவர் முகம் மலர வேண்டும். அந்த மாதம் முழுக்க எனக்கு வேறு கவலையே இல்லை.

ஒட்டத் தெரிந்த ஒரே ஆள் அப்பாதான். ஆனால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை எங்களுடையது. கேபினும் பாடியும் அப்பா கட்டுவார். தண்ணீர் லாரி வந்தால் டேங்க் சித்தப்பாவின் வேலை. ஒருவர் வேலையில் இன்னொருவர் கைவைப்பது பட்டறையில் பெரிய அவமரியாதை. டேங்க் ஒரு சொட்டு ஒழுகினாலும் சித்தப்பா வரும்வரை வண்டி அப்படியேதான் நிற்கும். அப்படி இருந்தவர் ஓசூரில் ஒரு வண்டிக் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அங்கே லாரி பாடியோடு சேர்ந்தே வெளியே வருமாம், பட்டறையே தேவைப்படாதாம். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு சித்தப்பா ஊருக்கு வந்தால் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "உங்கப்பா சாப்பிட்டாச்சுங்களான்னு கேளு சாமி" என்பார் சித்தப்பா. அப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். "ஆச்சுன்னு உன்ற சித்தப்பங்கிட்டச் சொல்லு" என்பார் அவர். நான் வாயைத் திறப்பதற்குள் இருவர் காதிலும் விழுந்திருக்கும். ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும். எனக்கு அந்த உத்தியோகத்தில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பெட்டியை நீட்டியதும் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அடிச்சட்டத்தையும் சக்கரங்களையும் எடுத்து வெளியே வைத்தார். மற்ற எல்லாவற்றையும் திரும்பப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"அதெல்லாம் வேண்டாங்களா அப்பா?"

"சேஸு கம்பெனியோடது. பாடி நம்முளுது" என்றார்.

பட்டறைக்கு வரும் லாரிகள் அப்படித்தான் வரும். கம்பெனி அடிச்சட்டமும் எஞ்சினும் கொடுக்கும், மேலே இருப்பதெல்லாம் எங்கள் ஊர்க் கைவேலை. அதே நியாயத்தை என் முழங்கை நீள வண்டிக்கும் அப்பா பொருத்திவிட்டார். நான் அழுதேன். "அவருக்கு அதான் தெரியும், நீ அழுகாத சாமி" என்று அம்மா சமாதானம் சொன்னாள். எனக்கு அது சமாதானமாகவே இல்லை.

மெல்லிய தகட்டை வெட்டி அப்பா முதலில் போட்டது கூரையை. படத்தில் கூரையில்லை என்று பெட்டியைக் காட்டினேன். "இந்த வெயில்ல மண்டை காஞ்சு போகும். எவன் ஓட்டுவான்?" அடுத்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுக்கப் பலகை. உள்ளூரில்தானே தீப்பிடிக்கும், டிரைவர் வீட்டுக்கே போய்த் தூங்கலாமே என்று எவ்வளவோ வாதாடினேன். படுக்க இடமில்லாமல் ஒரு வண்டியைக் கட்ட அவர் மனம் ஒப்பவில்லை. பட்டறை பெயின்டர் அண்ணன் வந்து பக்கவாட்டில் தாமரையும் இரண்டு கிளிகளும் வரைந்தார். முன்னால் திருஷ்டிக்கு ஒரு கோரைப்பல் முகம். அம்மாவும் சும்மா இருக்கவில்லை; எனக்குச் சிறிதாகிப்போன கொலுசிலிருந்து ஒரு சலங்கையைக் கழற்றி மணிக்குப் பதிலாகக் கட்டிவிட்டாள். அந்த மணி மட்டும் எனக்கு உயிராகப் பிடித்திருந்தது.

நோம்பிக்கு முந்தின நாள் வண்டி தொலைக்காட்சிப் பெட்டி மேல் ஏறியது. கதவு திறந்தது, விளக்குக்கூட எரிந்தது. ஆனால் அப்பா தகட்டிலேயே செய்து மாட்டிய இரண்டு ஏணிகளுக்கும் நடுவில் வெறும் பள்ளம்.

"தண்ணி எங்கீங்கப்பா இருக்கும்?"

"பாக்கலாம்" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். ஊருக்கெல்லாம் வண்டி கட்டும் மனுஷன் தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீரை மறந்துவிட்டாரே என்று எனக்கு வெட்கமாகப் போனது.

மறுநாள் சித்தப்பா வந்ததும் நான் தொலைக்காட்சியை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் என் தலைக்கு மேலே கையை நீட்டி வண்டியை எடுத்துவிட்டார். கதவைத் திறந்து படுக்கையைப் பார்த்தார். சலங்கையைச் சுண்டினார். "நான் படம் மாதிரிதானுங்க கேட்டேன், அப்பாதான்..." என்று ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. ஏணிகளுக்கு நடுவிலிருந்த பள்ளத்தில் விரலை வைத்து அப்படியே நின்றார். அப்பாவிடம் ஏதோ கேட்கச் சொல்லப்போகிறார் என்று நான் தயாரானேன்.

"ஏனுங்ணா, டேங்க் வெக்கலீங்களா?"

என்னிடம் இல்லை, நேராக அப்பாவிடமே கேட்டார். அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது என்ற வேலையா?"

சித்தப்பா வண்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டார். "பட்டறைச் சாவி எங்கீங்ணா?"

"மொதல்ல உக்காந்து சாப்புடு. நானும் வாரேன்."

நோம்பிக்கு மூடியிருந்த பட்டறையை இருவரும் திறந்தார்கள். பொழுது சாய்வதற்குள் சோப்பு டப்பா அளவில் ஒரு டேங்க் பளபளத்தது. தண்ணீர் ஊற்றினேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதுவரை இருவரும் தகடு வெட்டுவதிலிருந்து மூடி வைப்பதுவரை சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். இதை அவரிடம் சொல் என்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை. என் உத்தியோகம் போய்விட்டதே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

அந்த வண்டி இப்போதும் என் மேசை மேல் நிற்கிறது. போன மாதம் வீடு மாற்றும்போது அதன் பழைய பெட்டி பரணிலிருந்து கிடைத்தது. அப்பா ஒதுக்கி வைத்த துண்டுகள் எல்லாம் உள்ளே அப்படியே இருந்தன. பெட்டியின் மூலையில், பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அச்சடித்திருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பா இதையெல்லாம் பார்க்காமல் வாங்குகிறவர் இல்லை. அப்பாவும் டேங்கை மறக்கிறவர் இல்லை.

அந்த வண்டி யாருக்கு வந்தது என்று அனுப்பியவருக்குத் தெரியும், கட்டியவருக்கும் தெரியும். முகவரியில் பெயர் இருந்த எனக்குத்தான் தெரியவில்லை.