தகட்டின் ஓரத்தில் நின்ற வளையம்

நெடுங்கேணிப் பக்கத்தில் ஐயாத்துரையை ‘மலேரியாக்காரர்’ என்றால்தான் தெரியும். மற்றவர்கள் வீடு வீடாகப் போய் விரலில் குத்தி இரத்தம் எடுத்து வருவார்கள். இவர் கதிரையை விட்டு எழும்பாமல் அதை நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்று சொல்வோமே, அது இவருக்குத்தான் பொருந்தும். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. “ஐயாத்துரை பாத்தால் பாத்ததுதான்” என்று தானே சொல்லித் திரிவார்.

1961 மாசியில் அவருடைய மூன்று வயது மகள் அருந்ததிக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். வன்னியில் காய்ச்சல் என்றால் வேறென்ன? இரத்தத்தில் கிருமி இல்லை என்று தன் கண்ணாலேயே கண்டும், மலேரியாக் குளிசையைத்தான் கரைத்துப் பருக்கினார். பிள்ளை வெளிறிக்கொண்டே போனது. இரண்டு கண்ணைச் சுற்றியும் அடிபட்டதுபோலக் கறுத்த பிறகுதான், மனைவி சிவனேஸ்வரியும் அவருமாக வவுனியாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கே ஆஸ்பத்திரி டொக்டர் அருந்ததியின் இடுப்பெலும்பில் ஊசி விட்டு, உள்ளே இருந்த மச்சையை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசினார். தாய் தகப்பனிடம் ஒன்றையும் ஒளிக்கவில்லை.

“சின்னப் பிள்ளையளுக்கு வாற புற்றுநோய்க் கலங்கள் பாக்க ஒரே மாதிரித்தான். சின்னன், உருண்டை, முழுக்கக் கருநீலம். தனித்தனியாக் கிடந்தால் இரத்தத்திலை வந்தது. அதுக்குக் கொழும்பிலை ஒரு குளிசை இருக்கு, கொஞ்சக் காலம் தாங்கும். கூட்டமாய் ஒட்டி வளையம் கட்டி நிண்டால் வயித்துக்குள்ளை துவங்கினது. அதுக்கு எங்களிட்டை ஒண்டும் இல்லை.”

“நான் பாக்கட்டோ, ஐயா?”

ஐயாத்துரை அப்படிக் கேட்டதும் டொக்டருக்கு மறுக்க மனம் வரவில்லை; நுணுக்குக்காட்டியை விட்டு எழும்பினார்.

முதலில் தெரிந்ததெல்லாம் தனித்தனிக் கலங்கள். ஐயாத்துரைக்கு உயிர் திரும்பி வந்தது. அந்த இடத்தோடு நிறுத்தியிருக்கலாம். பழகிய பாழாய்ப்போன கை நிற்கவில்லை, தகட்டின் ஓரம்வரை போனது. அங்கே பத்துப் பன்னிரண்டு கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் மெல்லிய நாரோடு, வட்டமாக நின்றன.

வெளியே வாங்கில் குந்தியிருந்து சிவனேஸ்வரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“குளிசை குடுக்கலாமாமோ?”

இல்லையென்று தலையை ஆட்டினார்.

“இன்னொருக்காப் பாருங்கோவன். உங்கட கண்ணும் பிழைக்கும்தானே.”

வேறு யாரும் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். இப்போது அவருக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. “ஓம், பிழைக்கும்” என்றார். உள்ளே போய் மூன்று தரம் பார்த்தார்.

பிறகு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், பிள்ளையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.