தேய்த்த இடம்

என்ன வேலை என்று கேட்டால் பம்பு செய்யும் கம்பெனியில் இருப்பதாகச் சொல்வாள். பாதி பொய். அங்கே யாரும் பம்பு செய்யவில்லை. கடல் தாண்டிப் பெட்டி பெட்டியாக வரும் பம்புக் கூடுகளில், அந்த நாட்டுக்காரன் இரும்பிலேயே வார்த்து அனுப்பிய பேரை கிரைண்டரால் தேய்த்து எடுப்பதுதான் அவள் வேலை. தேய்த்த இடத்தில் பக்கத்து மேசைக்காரி ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்று முத்திரை குத்துவாள். அதன் மேல் பச்சைப் பெயின்ட். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இருபது பெண்களுக்குச் சம்பளம்.

எல்லாம் ஒரு சட்டம் கொண்டுவந்த வினை. அரசு மானியம் வேண்டுமென்றால் பம்பு உள்நாட்டிலேயே வார்த்ததாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நம் ஆட்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். இப்படித்தான் கிடைத்தது.

அவள் புருஷன் அதே கம்பெனியில் உலைக்காரன். இரும்பை உருக்கி வார்க்கத் தெரிந்தவன். உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் அது தெரியும் என்ற நினைப்பும் உள்ளவன். வெளியிலிருந்து வாங்குவது மலிவு என்று முதலாளி கண்டுகொண்ட பிறகு, அதிகாரிகள் வரும் நாளில் மட்டும்தான் உலை எரிந்தது. அவர்கள் கண்ணெதிரே ஒரு கூடு வார்ப்பான். மற்ற நாளெல்லாம் பெட்டி இறக்குவான். எப்போதோ ஒருநாள் உபசாரம், மற்றபடி ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதால் பெண்கள் அதற்கு ‘மாப்பிள்ளை உலை’ என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேரைக் கேட்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருஷக்கணக்காகக் கிரைண்டர் பிடித்ததில் அவள் விரல்கள் மரத்துப்போயின. ஊசி குத்தினாலும் தெரியாது. காலையில் சட்டைப் பொத்தானை அவன்தான் போட்டுவிடுவான். கல்யாணமான புதிதில்கூட இத்தனை கவனிப்பு இல்லை என்று அவள் கிண்டல் செய்வாள். மகளின் நர்சிங் படிப்பு அந்த மரத்த விரல்களின் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில், பம்பு அனுப்பும் அந்த நாடே உலக வணிக மன்றத்தில் புகார் கொடுத்தது. வெளிநாட்டுச் சரக்கை உள்நாட்டுச் சரக்குக்கு ஒரு படி கீழே வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தமாம். நம் சட்டம் அவர்கள் பம்பை உள்ளே விடாமல் அடைக்கிறதாம். விடவில்லையாம்! அவர்கள் பம்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் இவள் விரலே போயிற்று. புகார் கொடுத்த நாட்டிலிருந்து மூன்று பேர், நம் அதிகாரிகளோடு நேரில் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது.

அன்று சாப்பிடும்போது புருஷன் சொன்னான்: “உண்மையச் சொல்லிடப் போறேன். அப்பதான் சட்டத்த ஒழுங்கா நடத்துவாங்க. உலை தினம் எரியும்.”

“உங்க உலை எரியும். எங்க இருபது பேர் அடுப்பு? உங்க மக படிப்பு?”

அவன் தட்டை எடுத்துக்கொண்டு கைகழுவப் போனான். சரி, அடங்கிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கட்டியவனை அத்தனை வருஷம் பார்த்தும் அவளுக்குப் புத்தி வரவில்லை.

வந்தார்கள். பெண்களைத் தகரத் தடுப்புக்குப் பின்னால் அடைத்து, தும்மக்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் இடுக்கு வழியாகப் பார்த்தாள். வந்தவர்களில் ஒருவர் ஒரு கூட்டை எடுத்து, தேய்த்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாதா? தெரிந்தது. ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் புகார் என்ன ஆவது? சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிட்டார்.

உலைக்காரன் இரும்பை வார்த்து முடித்து நிமிர்ந்தான்.

“ஐயா, இங்க வார்க்கிறது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் உங்க நாட்டுச் சரக்கு.”

மொழிபெயர்க்க நின்ற மேனேஜர் அசரவில்லை. அவர்கள் பாஷையில் பணிவாக ஏதோ சொன்னார். மூன்று பேரும் தலையாட்டிவிட்டு, ஒன்றுபோல இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்கள். நம் அதிகாரிகளுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. அவர்கள் ஆளுக்கொரு திசையில் கூரையைப் பார்த்தார்கள்.

உலை சூடாக இருக்கிறது, தள்ளி நிற்கச் சொல்கிறான் என்றுதான் மொழிபெயர்த்தாராம். மேனேஜரே பிறகு கேன்டீனில் சொல்ல, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பொத்தான் போட மகளைக் கூப்பிட்டாள்.

புகார் ஜெயித்தது. சட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். இனி அந்த பம்பு சொந்தப் பேரோடு தலைநிமிர்ந்து உள்ளே வரலாம். தேய்க்க என்ன இருக்கிறது? இருபது பெண்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். உலையைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். உலைக்காரனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெட்டி இறக்க ஆள் வேண்டுமே. வாயைத் திறந்தவனுக்கு வேலை நிலைத்தது, வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்குப் போயிற்று. மகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள்.

சில மாதம் கழித்து, அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளின் முற்றத்தில் வீட்டுக்காரர் புது பம்பு மாட்டினார். அதே பச்சை. வயிற்றில் அந்நியப் பேர் முழுசாக இருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து அதன் மேல் விரலை ஓட்டினாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரியிடம், இதில் என்ன எழுதியிருக்கிறது பார்த்தாயா என்று கேட்டாள்.

“தண்ணி வருதில்ல? எவன் பேரு இருந்தா என்ன. வாளிய நகத்து.”

அவள் வாளியைத் தூக்கினாள். பிடி கைக்குள் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் தூக்கினாள்.