எங்கள் பையையும் திறங்கள்

டிரைவர் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதை நீட்டினாலும் கை தானாகப் போய் வாங்கிவிடும். தண்ணீர் பாட்டில், செருப்பு, தொப்பி, தூங்கிப்போன குழந்தை, எதுவானாலும் சரி. என்ன ஏது என்று பார்ப்பது கிடையாது. போர்ட் பிளேரில் ஒரு கான்ட்ராக்டரிடம் பதினோரு வருஷம் வண்டி ஓட்டினேன். அந்தப் பழக்கத்தால் ஒரு நாள் என் மகளின் பள்ளிக்கூடப் பைக்குள் திருட்டுச் சாமான் போனது. போட்டவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளே, வடக்கு அந்தமானில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. நடுப்பகலிலும் வெயில் தரையில் விழாத காடு. உள்ளே சுண்ணாம்புக்கல் குகைகள், அவற்றைத் தாண்டினால் அருவி. கான்ட்ராக்டரின் மச்சினர் மெயின்லேண்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருந்தார். "ஒன் மவளயும் கூட்டிட்டு வாடே, லீவுதான" என்று கான்ட்ராக்டரே சொன்னார். ஆறாவது படிக்கிற என் மகள் அதுவரை அருவியைப் பார்த்ததில்லை. பையில் துண்டும் மாற்றுத் துணியும் வைத்து, முதல் நாளே அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தாள்.

வீடு என்றால் போர்ட் பிளேரில், டெலானிபூரில் கான்ட்ராக்டரின் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர அறை. அவர் கொடுத்தது. வேலை போனால் அதுவும் போகும்.

பூங்கா வாசலில் ஒரே ஒரு வன ஊழியர், பெங்காலிக்காரர். காவலும் அவர்தான், வழிகாட்டியும் அவர்தான். உள்ளே எத்தனை பிளாஸ்டிக் பாட்டில் போகிறதோ அத்தனையும் வெளியே வரவேண்டும் என்று எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டு, டார்ச்சோடு முன்னால் நடந்தார்.

குகைக்குள் கூரையிலிருந்து கற்கள் உருகிய மெழுகுவர்த்தி போல் தொங்கின. "அப்பா, இது யானைக் காது, அது பசு மடி" என்று மகள் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்துக்கொண்டே வந்தாள். "ஹாத் மத் லகானா" என்றார் ஊழியர். கை வைக்காதீர்கள் என்று அர்த்தம். சொட்டும் தண்ணீர் துளித்துளியாகச் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போவதால்தான் கல் வளர்கிறதாம். நம் கையின் எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடத்தில் வளர்வது நின்றுவிடுமாம். அதைக் கேட்டதும் என் மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால், பைக்குக் கீழே கோத்துக்கொண்டாள். குகை முடியும்வரை அப்படியே நடந்தாள். இடறி விழப் போனபோதும் கையை எடுக்கவில்லை.

ஊழியர் ஒரு வளைவில் திரும்பியதும் எனக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். "அண்ணே, இதக் கொஞ்சம் பிடிங்க" என்று மச்சினர் கைக்குட்டையில் சுற்றிய எதையோ நீட்டினார். என் கையில் பாட்டில்கள். வாங்கி, மகளின் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் மச்சினர் சிரித்தார். "ஷோகேஸ்ல வச்சா எல்லாவனும் கேப்பான்."

"அவ பையிலயே கெடக்கட்டும்" என்றார் கான்ட்ராக்டர். "லோக்கல் ஆளுவ பைய தொறக்க மாட்டானுவ."

மகள் பக்கத்தில்தான் நின்றாள். எல்லாமே அவள் காதில் விழுந்தது.

அருவிக்குப் போனோம். அவர்கள் இரண்டு பேரும் கூச்சல் போட்டுக் குளித்தார்கள். இவள் பையைக் கழற்றாமல் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள்.

"குளிக்கலையா?"

"வேணாம்."

"பைய கழட்டியாவது வையேன்மா."

"அப்பா, இது இனிமே வளராதுல்ல?"

ஈரத்தலையோடு வந்த கான்ட்ராக்டரிடம் போனேன். "அண்ணாச்சி, அந்தக் கல்ல அவர்கிட்டயே கொடுத்துர்றேன்."

"பேசாம வாடே. வீட்ல போயிப் பேசிக்கிடலாம்."

வீடு என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். எனக்குப் புரிந்தது.

வாசல்வரை அந்தத் தகர அறையையே நினைத்துக்கொண்டு நடந்தேன். ஊழியர், சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து அவர்கள் இரண்டு பேருடைய பைகளையும் திறந்து பாட்டில்களை எண்ணினார். எங்களைப் பார்த்ததும் "லோக்கல் ஹை, ஜானே தோ" என்று சிரித்துக் கையசைத்தார். உள்ளூர்க்காரங்க, போகட்டும். எங்களை நம்பி அசைத்த கை அது. அந்த நம்பிக்கையில் ஒளித்துத்தான் அவர்கள் கல்லை வெளியே கொண்டுபோகப் பார்த்தார்கள், அதுவும் என் பிள்ளையின் முதுகில்.

"ஹமாரா பேக் பி கோலோ" என்றேன். எங்கள் பையையும் திறங்கள்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நானே ஜிப்பைத் திறந்து கைக்குட்டையை மேஜையில் வைத்துப் பிரித்தேன். விரல் நீளக் கல். உடைந்த இடம் மட்டும் சர்க்கரை போல வெள்ளையாக இருந்தது.

மச்சினர் முந்திக்கொண்டார். "சின்னப் புள்ளதான, தெரியாம எடுத்திருக்கும்."

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு எனக்குத் தகர அறை நினைவில் இல்லை.

"அவ கையக் கட்டிக்கிட்டு நடந்தா" என்றேன். "ஒடச்சது நீங்க. வாங்கிப் பையில போட்டது நான். எழுதுறதா இருந்தா நம்ம ரெண்டு பேரத்தான் எழுதணும்." அதையே ஹிந்தியில் ஊழியரிடமும் சொன்னேன். உரக்கச் சொன்னேன்.

"என் சோத்தத் தின்னுட்டு எனக்கே..." என்று கான்ட்ராக்டர் என்னை நெருங்கி வந்தார்.

"வண்டி ஓட்டுனேன், சாப்பிட்டேன் அண்ணாச்சி. சும்மா சாப்பிடல." வண்டிச் சாவியை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னல இது?"

"இதுவும் நீங்க நீட்டி நான் வாங்குனதுதான்."

ஊழியர் நோட்டில் மச்சினர் பேரையும் என் பேரையும் எழுதினார். என் பேருக்கு நேரே நான் கையெழுத்துப் போட்டேன். பத்தாவது பெயிலான கையெழுத்துதான். ஆனாலும் அடுத்த பக்கத்தில் பதியும்படி அழுத்திப் போட்டேன்.

அன்று எங்களுக்கு ரங்கத் வரைதான் பஸ் கிடைத்தது. மறுநாள் வேறு பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தோம். அறையைக் காலி செய்யக் கான்ட்ராக்டர் ஒரு வாரம் கொடுத்தார். நானும் என் மனைவியும் மூன்றே நாளில் காலி செய்தோம். இப்போது ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறேன். வாடகை வீடு அந்தத் தகர அறையைவிடச் சின்னது. முதுகு வலிக்கிறது. "ஒரு துண்டுக் கல்லுக்காகவா?" என்று தெரிந்தவர்கள் இன்றும் கேட்கிறார்கள். ஆமாம், அதற்காகத்தான். நாளைக்கு நடந்தாலும் மேஜையில்தான் வைப்பேன்.

இந்த லீவில் மூன்று பேரும் பஸ்ஸிலேயே அங்கே போனோம். அதே ஊழியர், அதே மேஜை. காற்றில் நோட்டின் தாள்கள் பறக்காமல் இருக்க அந்தக் கல்லை மேலே வைத்திருந்தார். திரும்ப ஒட்டவைக்க முடியாதாம்.

அன்று மகள் அருவியில் உதடு வெளுக்கும்வரை குளித்தாள். திரும்பும்போது அவர் எங்களை அடையாளம் கண்டு, போங்கள் என்று கையசைத்தார். என் மகள் போகவில்லை. தலை சொட்டச் சொட்ட நின்று, பையைக் கழற்றி மேஜையில் வைத்து, தானே ஜிப்பைத் திறந்தாள்.

"தேகோ" என்றாள். பாருங்கள்.

அவரும் சிரிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஈரத் துண்டு, இரண்டு பாட்டில், பாதி தின்ற பிஸ்கட். கடைசிப் பொருளையும் அவர் பார்த்து முடிக்கும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.