கண் பழகிய முகம்

என் மாமனார் தண்டாயுதபாணி முப்பத்தைந்து வருடம் கல்யாணத் தரகராக இருந்தார். தினமும் காலையில் புதுச்சத்திரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு சேலம் பஸ் ஏறுவார். கையில் ரெக்ஸின் பை, பை நிறைய ஜாதகங்களும் போட்டோக்களும். நானூறு கல்யாணம் முடித்ததாகச் சொல்லுவார். போன மாதம் அவருடைய காரியம் முடிந்து அலமாரியை ஒழித்தபோது நூற்றுப் பன்னிரண்டு கல்யாணப் பத்திரிகைகள்தான் இருந்தன. அதுவே பெரிய எண்ணிக்கைதான்.

அவருடைய தொழில் முறை எளிமையானது. ஒரு வீட்டுக்கு முதல் தடவை போகும்போது, எந்தப் பையனை முடிக்க நினைத்திருக்கிறாரோ அவனைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒத்துவராத வேறு ஜாதகம் ஒன்றை எடுப்பார். எடுக்கும்போது, முடிக்க நினைத்த பையனின் போட்டோ நழுவித் தரையில் விழும். "அட, இது வேற எடத்துக்குப் பேசிக்கிட்டு இருக்கறதுங்க" என்று பைக்குள் போட்டுவிடுவார். இரண்டு வாரம் கழித்து அதே போட்டோவோடு முறையாகப் போவார். பெண்ணின் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"இந்தத் தம்பிய எங்கியோ பாத்தாப்புல இருக்குதுங்களே."

"அப்படித்தானுங்க இருக்கும். போன ஜென்மத்து பந்தமுங்க."

போட்டோ கீழே விழுந்தது யாருக்கும் நினைவிருக்காது. நினைவிருந்தால் காரியம் கெட்டுப்போகும். "மனசெல்லாம் அப்புறம் சாமி. மொதல்ல கண்ணு பழகோணும். பழகுனதே அதுக்குத் தெரியக் கூடாது" என்பார்.

அவர் மகள் தனப்பிரியாவும் நானும் மூன்று வருடம் ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போனவர்கள். சாதி ஒன்று, ஜாதகமும் பொருந்தியது. நாங்கள் விரும்பினோம் என்பது மட்டும்தான் தடை. தரகர் வீட்டில் அது நடக்கக் கூடாத ஒன்று. வேறு யார் வீட்டிலோ நடந்ததற்கே அவர் சொல்லியிருந்தார்: "நம்ம ஊட்டுலயே லவ்வுன்னா, நாளைக்கு எவன் நம்மகிட்ட ஜாதகம் குடுப்பான்?"

படிப்பு முடிந்து நான் ராசிபுரத்தில் ஒரு வங்கியில் சேர்ந்த வருடம், தனப்பிரியா போன் செய்தாள்.

"எங்கப்பா எனக்கே போட்டோ நழுவ உட ஆரம்பிச்சிட்டாரு."

"யாரு?"

"திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டிக்காரர் பையன். காலைல டி.வி. மேல இருந்தான். மத்தியானம் அரிசி டப்பா மேல இருந்தான். இன்னும் பத்து நாளு போனா எனக்கே அவனப் புடிச்சுப்போயிரும் போலருக்குது."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்பாவின் தொழிலைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவளே சொன்னாள்.

அந்த மாதம் என் நண்பன் தமிழரசுவுக்குக் கல்யாணம். நண்பர்கள் வைக்கும் ஃபிளெக்ஸில் அடிவரிசையில் பன்னிரண்டு தலைகள் போட ஏற்பாடு.

"பெருசாப் போட்டா எங்க பாத்தோம்னு ஞாபகம் வந்துரும். அடிவரிசையில மூலைல போடச் சொல்லுங்க. கூலிங் கிளாஸ் வேண்டாம். பேரும் வேண்டாம்" என்றாள் தனப்பிரியா.

"அப்புறம் நான் யாருன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியக் கூடாதுன்னுதான இவ்வளவு நேரம் சொல்றேன்."

தமிழரசுவுக்குத்தான் பொறுக்கவில்லை. "என் ஊரு அயோத்தியாப்பட்டணம். பொண்ணு ஊரு ஆத்தூர். ஃபிளெக்ஸ புதுச்சத்திரத்துல கட்டறியே, அங்க எனக்கு யாருடா இருக்கா?" என்றான். டீக்கடை பெஞ்சுக்கு நேர் எதிரே கட்டினோம். கல்யாணம் முடிந்தும் அவிழ்க்க ஆளில்லாமல் நாற்பது நாள் தொங்கியது. என் மாமனார் தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தார்.

பிறகு, எனக்குப் பெண் தேட அந்தத் தரகரிடம் போய்ப் பார்க்கும்படி என் அம்மா முத்தாயம்மாளிடம் சொன்னேன். அம்மாவுக்கு வேறு எதுவும் தெரியாது. அவர் என் போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம்.

"தம்பிய எங்கியோ பாத்தாப்புல இருக்குதுங்களே."

"பேங்குல பாத்திருப்பீங்க."

"நான் பேங்குக்குள்ள காலு வெக்கறதில்லீங்க."

போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்து ஒரு ஜாதகமும் எடுக்கவில்லை. கடைசியில், "உங்க பையனுக்கு நான் வெளிய பொண்ணு தேடலீங்க. எங்க ஊட்டுலயே ஒரு புள்ள இருக்குது" என்றார்.

ரிக் வண்டிக்காரரை விட்டுவிட்டு வங்கிக் குமாஸ்தாவைப் பிடித்ததற்கு என் மாமியார் சண்டை போட்டார். மாமனார் சொன்ன பதிலைத் தனப்பிரியா சமையலறையில் நின்று கேட்டிருக்கிறாள்: "அந்தப் பையன் மொகம் நான் பழக்குனது. இது தானா வந்த மொகம். இத்தன வருசத்துல எனக்கு இப்படி ஒருக்காகூட வந்ததில்ல."

அவருடைய நூற்றுப் பன்னிரண்டில் எங்கள் பத்திரிகை மட்டும் தனியாக மஞ்சள் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. தன் கண்ணின் திறமைக்கு எங்களைத்தான் சாட்சியாகச் சொல்லுவார். அந்த ஃபிளெக்ஸ் எங்கள் வீட்டு விறகின்மேல் மூன்று மழைக்காலம் கிடந்தது. ஒருமுறை அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமான சரக்கு" என்று மட்டும் சொன்னார். கீழே என் முகம் இருந்தது, பாதி வெளுத்து.

மூன்று வருடத்துக்கு முன்னால் மூளையில் ரத்தம் அடைத்தது. உயிர் பிழைத்தார், நினைவு போய்விட்டது. சாப்பிட்டது மறந்தது. மகளின் பெயர் மறந்தது. பேரன் பக்கத்து வீட்டுப் பையன் ஆனான். ஒரு நாள் தனப்பிரியா மனம் தாங்காமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஃபிளெக்ஸ் கதை முழுவதையும் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார்.

"கெட்டிக்காரப் புள்ளயா இருக்குதே. யாரு ஊட்டுப் புள்ளைங்க?"

நான் யார் என்பதும் அவருக்குத் தெரியாது. வேலை முடிந்து வந்து கட்டில் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுவேன். என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

"தம்பி எந்த ஊருங்க?"

சொல்லுவேன்.

"எங்கியோ பாத்தாப்புல இருக்குது. கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

முதல் நாள் ஆயிற்று என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அதன் பிறகு இல்லை என்றே சொல்லிவந்தேன். உடனே குரலைத் தாழ்த்திக்கொள்வார். "எங்க ஊட்டுலயே ஒரு புள்ள இருக்குதுங்க. தம்பி மொகம் எனக்குத் தானா வருது."

மூன்று வருடத்தில் நூறு தடவையாவது என்னை மாப்பிள்ளையாகத் தேர்ந்தெடுத்திருப்பார். ஃபிளெக்ஸ் செலவு முதல் தடவைக்கு மட்டும்தான்.