தபசு மரத்தின் உச்சியிலிருந்து ஏரிக்கரை தெரியும்

திருத்தணி மலைக்கு வருகிறவர்கள் எங்கள் ஊரில் டீ குடிக்க இறங்கினால், "இந்த ஊருக்கு என்ன சரித்திரம்? பெரிய ஆள் யாராவது பிறந்திருக்காங்களா?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆந்திராவில் இருந்தோம், தமிழ்நாட்டுக்கு வந்தோம். ஊர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. இரண்டு பாஷையிலும் சண்டை போடுவோம். சரித்திரம் அவ்வளவுதான். பெரிய ஆள் என்றால் ஒருத்தரைச் சொல்வேன்.

எங்கள் அம்மன் திருவிழாவில் தபசு மரம் ஏறுவது வழக்கம். பனைமரத்தைச் சீவி நட்டு, குறுக்கே படி அடித்திருப்பார்கள். தவசி வேஷம் கட்டியவர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடி ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரப்புடவையோடு கீழே முந்தானை ஏந்திக் காத்திருப்பார்கள். ஏறுகிறவர் காப்புக் கட்டிவிட்டால் விழா முடியும்வரை சாவு வீட்டில் கால் வைக்கக் கூடாது. பெற்ற அப்பனே ஆனாலும் சரி.

போன திருவிழாவில் அப்படியே ஆகிவிட்டது. அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்க்கும் என் பக்கத்து வீட்டுத் தம்பிதான் ஏற வேண்டியவன். அவனுக்கு முன்னால் அவன் அப்பா ஏறினவர். தபசு நாள் காலையில் அந்த அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இவன் ஒரே பிள்ளை. கொள்ளி வைக்கப் போனால் காப்பை அறுக்க வேண்டும், காப்புக் கட்டாத வேறு ஆள் ஏறவும் முடியாது, விழா பாதியில் நின்றுவிடும். விரதம் இருந்து வந்த பெண்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.

கோயிலில் கூடிய ஊர்ப் பெரியவர்கள் பங்காளி யாராவது கொள்ளி வைக்கட்டும் என்பதும், விழாவை நிறுத்து என்பதுமாக இழுத்துக்கொண்டே இருந்தார்கள். கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. அவன் தூணைப் பிடித்துக்கொண்டு, "நைனாவுக்கு நான் இல்லாம எப்டிங்க?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் அம்மா வந்தார். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய் அவனைப் படிக்க வைத்தவர். வாசலுக்கு வெளியே தெருவிலேயே நின்று சொன்னார்: "நீ ஏறு. அது அவரு ஏறுன மரம். கொள்ளி நான் வெக்கிறேன்."

சுடுகாட்டுக்குப் பொம்பளையா என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"ஆங், நான்தான். இத்தினி வருசம் அவருக்குச் சோறு போட்டுகினு இருந்தவளும் நான்தானேங்க?"

பெரியவர்கள் பாடை கட்டச் சொன்னார்கள். பாடை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஏரிக்கரைச் சுடுகாட்டில் அந்தம்மாவே கொள்ளி வைத்தார். அப்படி ஒரு நெஞ்சுரத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

தலை முழுகிவிட்டு மரத்தடிக்கு ஓடினேன். அவன் ஏறிக்கொண்டிருந்தான். உச்சியில் நின்றால் ஏரிக்கரை நேராகத் தெரியும். கடைசிப் படிக்குப் போனதும் பாட்டு நின்றுவிட்டது. அங்கே புகை இன்னும் அடங்கவில்லை. மேளக்காரர்கள் கையை எடுத்துவிட்டார்கள். விழுந்துவிடுவானோ என்று மரத்தை நெருங்கிப் போனேன்.

பிறகு அந்தப் புகையைப் பார்த்தபடியே பாடினான். பாடிக்கொண்டே பழம் வீசினான், முந்தானைகளில் விழுந்தது. பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். நானும் அழுதேன், வெட்கம் என்ன.

கூட்டத்துக்கு வெகு பின்னால், தீட்டு என்று ஒதுங்கி, ஈரப்புடவையோடு அந்தம்மா நின்றிருந்தார். அவன் இறங்கத் திரும்பியதும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பாத்து எறங்குப்பா. எனக்கு இனிமே நீ ஒருத்தன்தான்."