துளைகளை ஊதியவர்

மணலூர்பேட்டையில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, அஞ்சலைக்கு மூச்சு நின்னுபோச்சுடா" என்றார். பூமி பிளந்திருக்க வேண்டும், பிளக்கவில்லை. மோட்டார்கூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவின் மகள் அஞ்சலை அவர்கள், மண்ணில் கல் செய்த சிற்பி. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சீன தேசத்தில் அந்தக் காலத்துப் படிப்பாளிகள், தண்ணீர் அரித்துத் துளைத்த கற்களைத் தேடியெடுத்து, மரப்பீடத்தில் நிறுத்தி, மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். சுருக்கமும் துளையும் எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு மதிப்பாம். ஓவியக் கல்லூரியில் அந்தக் கற்களின் படங்களைப் பார்த்தவர், வடக்கனந்தலில் வீட்டுக்குப் பின்னால் சூளை போட்டு, களிமண்ணில் அப்படிக் கற்கள் செய்து சுடத் தொடங்கினார். சீனக் கல் எதையும் அவர் நகலெடுக்கவில்லை. கல்வராயன் மலை ஓடைகளில் பாறைகளைப் பார்த்துவிட்டு வந்துதான் செய்வார். வெள்ளிமலைப் பக்கம் ஒரே பாறையின் முன் அவர் உட்கார்ந்திருந்த நேரத்துக்குள் நான் ஏழு முறை பிறந்து இறந்திருக்கலாம்.

அக்காவுக்குத் தாங்கவில்லை. "மலை முழுக்க கல்லு சும்மா கெடக்குது. நீ மண்ணைக் கொழைச்சு கல்லு பண்ணிக்கினு இருக்கியே, இன்னாடி புத்தி இது?"

"அது தண்ணி பண்ணதும்மா. இது நான் பண்றது."

நான் சும்மா இருப்பேனா? "நம்ம வூட்ல ஓட்டைக் கொடத்தைத் தூக்கிப் போடுவோம். இவ ஓட்டை போட்டு, ஸ்டூல் மேல குந்த வைக்கிறா" என்றேன். முதலில் சிரித்தவர் அஞ்சலைதான்.

துளைகளுக்காகவே உயிரை விட்டார் என்று எழுதினால் அது வெறும் பேச்சு வழக்கு இல்லை. மண் நன்றாகக் காய்ந்ததும் உடைந்த ரம்பத் தகட்டால் ஒவ்வொரு துளையாகச் சுரண்டுவார். ஈரப் பஞ்சு வைத்துத் துடைத்தால் தூசி பறக்காது. ஆனால் "தண்ணி பட்டா ஓரம் மொண்ணையாயிடும் மாமா" என்பார். சுரண்டிய தூளைத் துளையில் வாய் வைத்து ஊதுவார். பாதி அந்தப் பக்கம் போகும், மீதி அவர் முகத்துக்கே திரும்பும்.

யாரோ சொல்லி, ஒருநாள் முகமூடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏண்டி, பேங்க்கைக் கொள்ளையடிக்கப் போறியா? என்னையும் கூட்டிக்கினு போ!" என்றேன். சூளையடியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் முகமூடி ஆணியில் தொங்கியது. மூன்று உலகத்தையும் வென்றவன் போல நான் டீ குடித்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து இருமல் வந்தது. நுரையீரலில் மண்தூள் படிந்து தழும்பாகிவிட்டது, திரும்பச் சரியாகாது என்று கள்ளக்குறிச்சியில் டாக்டர் சொன்னார்.

போன மாதம், ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தவரிடம் கேட்டேன். "நான் கிண்டல் பண்ணதாலதான் அந்த முகமூடியைக் கழட்டினியா?"

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "மூடிக்கினு எப்பிடி மாமா ஊதறது? உன் பேச்சை... நான் எப்போ கேட்டேன்?"

என்னை விடுவித்துவிட்டதாக அவர் நினைத்தார். ஊதும்போது கழற்றித்தான் ஆக வேண்டும். சுரண்டும்போது மாட்டியிருக்கலாமே? அந்த மணிக்கணக்கான நேரமெல்லாம் முகமூடி ஆணியில்தானே தொங்கியது?

துக்கம் கேட்க வந்தவர்களிடம் இதைச் சொன்னேன். "உனக்கு எப்பவும் எதையும் பெருசாக்கிச் சொல்லணும். ஒரு கிண்டலுக்கா பொண்ணு சாவும்? போய்க் குந்து" என்று தோளைத் தட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை. ஏழு முறை பிறந்து இறந்தது பொய்தான். இது பொய்யில்லை.

கடைசியாக அவர் செய்த கல், முழங்கால் உயரம், சுடப்படாமல் கொட்டகையில் நிற்கிறது. சாரல் பட்டால் கரைந்துவிடும் என்று அக்கா தன் புடவை ஒன்றை அதன்மேல் போர்த்தியிருக்கிறார்.

போய் வாருங்கள், அஞ்சலை. நான் உங்களிடம் மரியாதையாகப் பேசுவது இதுதான் முதல் தடவை.